மலையகத்தின் கடதாசிக் கலை: மதிப்பீட்டுக்கான சில அடிப்படைகள்

ஈழத்துத் தமிழர் கலைகள் பற்றிய ஆராய்ச்சி கடந்த அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் குறிப்பிடத்தக்க வளர்ச்சி பெற்று வந்துள்ளது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மேடையேற்றிய கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை ஆகியன நாட்டுக் கூத்தைப் பல்கலைக்கழக ஆய்வுக்குரிய பொருளாக்கின. மலையகத்தைப் பொறுத்தவரை, சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத் தொழிலாளரின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டித் தந்தார். காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியன பற்றியும் பலர் எழுதியுள்ளனர். பாடல், ஆட்டம், தாளம், சமூகப் பின்னணி ஆகியவை இவ்வெழுத்துகளில் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. ஆயின், ஆடுவோன் தலையில் இருந்த முடி எதனாற் செய்யப்பட்டது, அதனைச் செய்தவர் அவ்வாறு செய்தமைக்குக் காரணம் யாது என்பன போன்ற வினாக்கள் பெரும்பாலும் 'ஒப்பனை' என்னும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டன.

அம்முடி பல வேளைகளில் மட்டையாலும் கடதாசியாலும் ஆனது. கோயில் திருவிழாவின் தோரணம், தேரின் அலங்காரம், காவடியின் வளைவு, வெசாக் கூடு, நத்தார்ப் பாலன் குடிலின் மலை ஆகியவையும் அவ்வாறே. மலையக மக்கள் தம் கையால் ஆக்கிய காட்சிக் கலையுட் பெரும்பகுதி கடதாசியில் ஆனது எனக் கூறுவது மிகையாகாது. அதனை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே இக்கட்டுரையின் பொருள். 'மலிவானது, ஆண்டு முடிவதற்குள் அழிந்துவிடுவது, ஆகவே கலை என்னும் பெயருக்கு உரியதன்று' என்ற எண்ணம் நம்மிடையே வெளிப்படையாகச் சொல்லப்படாவிடினும் ஆழமாக வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் பிழையான அளவுகோலின் விளைவு என்பதை இங்கு நிறுவ முயல்வோம்.

இந்நோக்குக்கு வசதியான ஒரு நிலைக்களமாகப் பட்டிப்பொலவைக் கொள்ளலாம். நுவரெலியா மாவட்டத்தின் பட்டிப்பொல, ஏறத்தாழ 1,890 மீற்றர் உயரத்தில், இலங்கைப் புகையிரதப் பாதையின் மிக உயர்ந்த நிலையமாக அமைந்துள்ளது. 1885இல் நானுஓயாவை எட்டிய பாதை, 1893இல் அப்புத்தளை வரை நீட்டப்பட்டபோது இவ்வூரைக் கடந்தது. ஒருபுறம் ஹோட்டன் சமவெளி, மறுபுறம் அம்பேவல பால்பண்ணையும் மரக்கறித் தோட்டங்களும், சரிவுகளிலே தேயிலை. தமிழ்த் தொழிலாளரும் சிங்கள மக்களும் அயலவராய் வாழும் வட்டாரம் இது. மூடுபனியும் ஈரமும் ஆண்டின் பெரும்பகுதி நீங்காத இவ்வுயரத்தில் கடதாசியைப் போலப் பொருத்தமற்ற கலைப்பொருள் வேறொன்று இருக்க முடியாது. எனினும் இப்பிரதேசத்து மக்கள் கடதாசியையே நாடினர். இம்முரணிலிருந்தே நமது ஆய்வைத் தொடங்குதல் தகும்.

1. பொருளின் வரலாறு

தோட்டத் தொழிலாளியின் வாழ்வில் கடதாசி முதலில் வந்து சேர்ந்தது கலைக்குரிய பொருளாக அன்று; அவனைக் கட்டும் பொருளாகவே வந்தது. கடன் தீர்க்கப்பட்டாலன்றி வேறு தோட்டம் செல்ல இயலாதவாறு தொழிலாளரைப் பிணித்த 'துண்டு' 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. செக்றோலும் பற்றுச்சீட்டும் அதன் பின்னரும் நிலைத்தன. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் ஆவணம் இல்லாதவரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, அவருள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரின் நிலையைப் பிற்போட்டது. எஞ்சியோர் பலருக்குப் பிரஜாவுரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே கிடைத்தது. ஒரு தாளில் எழுதப்பட்டிருந்த பெயரே ஒருவரின் இருப்பைத் தீர்மானித்த சமூகம் இது.

கலைக்குப் பயன்பட்ட கடதாசியோ இவ்வரலாற்றின் மறுபக்கத்தைச் சேர்ந்தது. எழுதி முடிந்த தாள், பிரித்துப் போட்ட பொதி, கடையிற் பொருள் சுற்றித் தந்த பத்திரிகை, சீமெந்துப் பையின் தடித்த பழுப்புத் தாள், சவர்க்காரப் பெட்டியின் மட்டை, சிகரெட் பெட்டியின் ஈயத்தாள் என்பன அது வந்த வழிகள். தேயிலை ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் ஏற்றுமதியான காலத்தில் அப்பெட்டிகளின் உட்புறத்தை மூடிய மினுங்கும் உலோகத்தாளும் இவ்வரிசையிற் சேர்த்தெண்ணத்தக்கது. 1980களுக்குப் பின்னர் பலகைப் பெட்டியின் இடத்தைப் படிப்படியாகக் கடதாசிச் சாக்குகள் பிடித்தன. தோட்டத்தின் பொருளாதாரம் எதனைக் கழித்ததோ அதனையே தோட்டத்தின் கலை எடுத்துக்கொண்டது. ஆகவே இக்கலையின் மூலப்பொருட் பட்டியல் தன்னளவில் ஒரு சமூக வரலாறாகும்.

பசையின் வரலாறும் புறக்கணிக்கத்தக்கதன்று. கோதுமை மாவைக் காய்ச்சிய பசையே இங்கு வழங்கியது. அந்த மா தோட்ட மக்களின் ரொட்டிக்குரிய மா. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுப் பங்கீடு சுருங்கித் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நேர்ந்தமை வரலாறு. அத்தகைய வாழ்வில் ஒரு கைப்பிடி மாவைத் தோரணம் ஒட்டுவதற்கெனப் பிரித்து வைப்பது அற்பச் செயலன்று. 1963இல் நியூயோர்க்கில் பீற்றர் ஷூமான் தொடங்கிய 'பிரெட் அண்ட் பப்பெற்' நாடகக் குழு, கடதாசிக் கூழாற் செய்த பேருருவப் பாவைகளை ஆட்டியபின் பார்வையாளருக்குப் பாண் பகிர்ந்தளிப்பதை ஒரு கொள்கையாக்கிக்கொண்டது. கலையும் உணவும் ஒரே மாவிலிருந்து பிறப்பதை அங்கு கொள்கையாக அறிவித்தனர். இங்கு அது அறிவிப்பின்றி நிகழ்ந்தது.

2. காலநிலையும் நாட்காட்டியும்

கடதாசியின் முதற் பகை ஈரம். மாப்பசை ஈரத்தை ஈர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும், கரப்பானையும் வரவழைக்கும். புத்தகம் கட்டுவோர் பசையில் மயில்துத்தம் சேர்ப்பது இதனாலேயே. பத்தடிக்குப் பன்னிரண்டடி என அளவிடப்பட்ட லயக் காம்பிராவில் ஒரு கூத்து முடியை மறுவருடம் வரை காப்பது எளிதன்று. அடுப்புக்கு மேலே பரணில் வைத்தால் உலர்ந்திருக்கும். ஆனாற் புகையாற் கறுக்கும். வேறிடத்தில் வைத்தால் நிறம் நிற்கும். ஆனால் ஈரத்தால் இளகும்.

இக்கலை எவ்வப்போது தோன்றுகிறது என்பதை நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். நுவரெலியாப் பிரதேசத்தில் தை முதல் பங்குனி வரையான காலமே ஒப்பீட்டளவில் மழை குறைந்தது. காமன் கூத்து மாசியில் நிகழ்கின்றது. அமாவாசையை அடுத்து மூன்றாம் பிறையிற் காமன் ஊன்றப்பட்டு, பௌர்ணமியை ஒட்டிக் காமதகனம் நிறைவேறும். தோட்டத்து மாரியம்மன் திருவிழாக்களுட் பலவும் மாசிக்கும் சித்திரைக்கும் இடைப்பட்டவை. ஐப்பசி மழையில் வரும் தீபாவளிக்கு வெளிப்புறத்திற் கடதாசி அலங்காரம் அத்துணைச் சிறப்புப் பெறாமை கவனிக்கத்தக்கது. சமயக் காரணங்களால் அமைந்த நாட்காட்டியும் பொருளின் இயல்பும் இவ்வாறு ஒத்துப்போயின. வெசாக் மட்டும் இதற்கு விலக்கு. வைகாசிப் பூரணை தென்மேற்குப் பருவமழையின் வாசலில் வருவதால், ஒவ்வொரு கூடும் மழையோடு பந்தயமிட்டே கட்டப்படுகிறது.

வீட்டின் உட்புறத்தில் ஈரமும் குளிருமே இக்கலைக்குக் காரணமாயின. லயக் காம்பிராவின் சுவரிற் பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டும் வழக்கம் குளிர்காற்றைத் தடுக்கவும் கரிபடிந்த சுவரை மறைக்கவும் எழுந்தது. ஆனால் எந்தப் படம் கண்மட்டத்தில் வரவேண்டும், எந்த எழுத்துப் பக்கம் கீழே மறைய வேண்டும் என்பதைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே தீர்மானித்தனர். பள்ளிக்கூடத்தில் 'ஒட்டுச்சித்திரம்' என்று கற்பிக்கப்படுவதன் எல்லா இலக்கணங்களும் இச்சுவரில் உண்டு. இதனைச் செய்த பெண்ணோ தாம் கலை செய்வதாகக் கருதியவரல்லர்; திறனாய்வாளரும் அவ்வாறு கருதவில்லை.

3. இரு ஒளிகள்: முடியும் கூடும்

மதிப்பீட்டில் முதன்மையான வினா, ஒரு பொருள் எவ்விடத்தில், எவ்வொளியில், எவ்வளவு தூரத்திலிருந்து நோக்கப்படுவதற்காகச் செய்யப்பட்டது என்பதே. காமன் கூத்தின் முடியைப் பகலில் கையிலெடுத்துப் பார்ப்பவருக்கு அது கரடுமுரடாகவே தோன்றும். மட்டை வெட்டிய ஓரம் நேராக இராது, ஈயத்தாள் கசங்கியிருக்கும், நிறங்கள் ஒன்றோடொன்று மோதும். ஆனால் அம்முடி பகலுக்குரியதன்று. தீப்பந்தமோ பெற்றோமாக்ஸ் விளக்கோ தரும் ஒளியில், தப்பின் அடிக்கு இசைய இரதியும் மதனும் ஆடும்போது, பத்து முழத்துக்கு அப்பால் நிற்போர் காண்பதற்காகச் செய்யப்பட்டது. மழமழப்பான தாள் ஒளியை ஒரே திசையில் திருப்பும். கசங்கிய ஈயத்தாளோ தலை அசையுந்தோறும் ஒளியைப் பல திசைகளிற் சிதறும். கசங்கலைக் கவனக்குறைவு எனக் கொள்வது ஆகாது; அது அசைவுக்கென அமைந்த ஓர் உத்தி.

முடியின் எடையும் இவ்வாறே. மரத்திற் கடைந்து கண்ணாடி பதித்த அணிகளும் கூத்து மரபில் உண்டு. அவை நீடிப்பவை, ஆனாற் கனமானவை. இரவு முழுதும் லயந்தோறும் சென்று ஆட வேண்டிய ஒரு கூத்தில், பகல் முழுதும் மலையேறி உழைத்த ஒருவனின் கழுத்துக்கு மட்டை தரும் இலகு சிறிய நன்மையன்று. எடை குறைந்ததால் முடியை உயர்த்த முடிந்தது. உயர்த்தியதால் கூட்டத்தின் பின்வரிசையிலும் அது தெரிந்தது. வறுமை மட்டையைத் தந்திருக்கலாம். ஆனால் மட்டை தந்த வாய்ப்பை இனங்கண்டது கலைஞனின் அறிவே. இக்கலையை வறுமையின் விளைவு என்று மட்டும் விளக்குவோர் இவ்விரண்டாவது படியைத் தவறவிடுகின்றனர்.

முடி வெளியொளியை வாங்கித் திருப்புவது. வெசாக் கூடோ உள்ளொளியை வெளியே விடுவது. மூங்கிற் சிம்புகளாற் சட்டம் கட்டி, மெல்லிய திசுத்தாள் ஒட்டி, உள்ளே விளக்கேற்றும் இக்கலையில், எண்முகமாக அமையும் 'அட்டபட்டம' மரபான வடிவமாகும். இங்கு மறைக்க எதுவுமில்லை. பசை தடித்த இடமும் தாள் இருமடியாகிய இடமும் விளக்கேற்றியவுடன் இருண்ட கோடுகளாகக் காட்டிக் கொடுக்கும். ஆகவே கூட்டின் அழகியல் ஒட்டுவதன் தூய்மையில் தங்கியுள்ளது. முடியின் அழகியலோ அடுக்குவதன் செறிவில் தங்கியுள்ளது. அளவுகோல்கள் வேறுபடுவதால் ஒன்றினைக் கொண்டு மற்றதைத் தாழ்வு எனல் பொருந்தாது.

பட்டிப்பொல போன்று இரு சமூகத்தவரும் அருகருகே வாழும் ஊர்களில் இவ்விரு மரபுகளும் ஒரே கைகளிற் சந்திப்பதற்கு வாய்ப்புண்டு. பாடசாலையிற் கூடு கட்டக் கற்ற தமிழ்ச் சிறுவன் கோயிற் தேருக்குத் திசுத்தாள் ஒட்டுவதும், தோரணத் தாளை மடித்து வெட்டும் முறை வெசாக் கூட்டின் தொங்கல்களில் இடம்பெறுவதும் இயல்பே. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களை மலையகம் அனுபவித்தது என்பதை மறந்து இதனை ஒற்றுமைக் கதையாக்குதல் கூடாது. எனினும், பொருளும் உத்தியும் எல்லைகளை மதிப்பதில்லை என்பதும் உண்மையே. பண்பாட்டுத் தொடர்பை நூல்களிலும் கல்வெட்டுகளிலும் தேடும் ஆய்வாளர் இத்தாள்களையும் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.

4. அழிவு பற்றிய வினா

இக்கலைக்கு எதிராகக் கூறப்படும் வலுவான வாதம் அதன் நிலையாமையே. நிலைபேறு கலையின் இலக்கணமாயின், அவ்விலக்கணம் உலகெங்கும் ஒரே வகையாக வழங்கப்படவில்லை என்பதை நினைவூட்ட வேண்டியுள்ளது. 1912இல் பிக்காசோ மட்டையும் கடதாசியும் நூலும் கொண்டு செய்த 'கிற்றார்' இன்று நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்திற் பேணப்படுகின்றது. மட்டையின் ஆயுள் அதன் இழையில் மட்டுமன்று, அதனைச் செய்தவரின் பெயருக்கு உலகம் தரும் மதிப்பிலும் தங்கியுள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. மெக்சிக்கோவிற் புனித சனியன்று யூதாசின் கடதாசிக் கூழ் உருவங்களை வெடிவைத்து எரிக்கும் வழக்கம் உண்டு. எரிப்பதற்கெனச் செய்யப்பட்ட அவ்வுருவங்களை ஓவியர் டியேகோ ரிவேரா தம் கலைக்கூடத்திற் சேர்த்து வைத்தார். அத்தொழிலில் வளர்ந்த பெத்ரோ லினாரெஸ் 1990இல் அந்நாட்டின் தேசியக் கலைப் பரிசைப் பெற்றார். தமிழ்நாட்டில் தஞ்சாவூர்ப் பொம்மையும், புதுச்சேரியில் திருக்கனூர்க் கடதாசிக் கூழ்க் கைவினையும் புவிசார் குறியீடு பெற்றுள்ளன. மலையகத்துக் கடதாசிக் கலைக்கு அத்தகைய பெயரோ பட்டியலோ வாய்க்கவில்லை.

ஆயினும், மலையகக் கலையைப் பேணுவதென்பது அதன் பொருள்களைக் கண்ணாடிப் பேழைக்குள் வைப்பது மட்டுமே என்று கருதுவோமாயின் மீண்டும் பிழையான அளவுகோலுக்கே திரும்புவோம். காமன் கதையே இதற்கு ஓர் உரைகல். தஞ்சை வட்டாரத்து லாவணியில் காமன் எரிந்தான் என ஒரு கட்சியும் எரியவில்லை என மறு கட்சியும் நின்று வாதிடும் மரபு உண்டு. புராணமோ இருவருக்கும் இடமளிக்கின்றது: அவன் உடல் எரிந்தது, இரதியின் வேண்டுதலால் அவள் கண்ணுக்கு மட்டும் புலப்படுபவனாக உயிர்பெற்றான். கடதாசிக் கலையும் அத்தகையதே. இவ்வாண்டு முடி அழியும். அதனைச் செய்த கை அடுத்த மாசியில் மீண்டும் செய்யும். ஆண்டுதோறும் புதிதாக ஆக்குவதே இக்கலையின் நிலைபேறு. செய்யும்போது அருகில் அமர்ந்து மட்டையைப் பிடித்துக் கொடுக்கும் சிறுவனிடம் அது கைமாறுகிறது. பழைய முடி அழியாதிருந்திருப்பின் அச்சிறுவன் கற்றிருக்கமாட்டான் என்றும் வாதிடலாம்.

இதன்படி நோக்கினால், இக்கலைக்கு உண்மையான இழப்பு முடி அழியும்போது நேர்வதன்று. கை விலகும்போதே நேர்வது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் குடும்பங்கள் தலைமன்னார் வழியே கப்பலேறியபோது, கூத்து மாஸ்டரோ தேர் கட்டுபவரோ சென்ற தோட்டத்தில் அவரது கையறிவும் உடன் சென்றிருக்கும். அதனை எந்த ஆவணமும் கணக்கிடவில்லை.

5. பாடசாலையும் சந்தையும்

இன்று அக்கை இரு புறமும் நெருக்கப்படுகின்றது. முதலாவது பாடசாலை. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களைப் புகுத்தி, சுற்றாடலிலுள்ள தொழில்களையும் கைப்பணிகளையும் வகுப்பறைக்குள் கொணர முயன்றது. அம்முயற்சி நீடிக்கவில்லை. தோட்டப் பாடசாலைகளோ அப்போது பெரும்பாலும் அரச முறைமைக்கு வெளியே நின்றன. அவை கட்டங்கட்டமாகப் பொறுப்பேற்கப்பட்டபோது அவ்வாய்ப்பு மறைந்துவிட்டது. இன்று ஆரம்ப வகுப்புகளிற் கடதாசி மடித்தலும் ஒட்டுச்சித்திரமும் இடம்பெறுகின்றன என்பது வரவேற்கத்தக்கதே. ஆனால், கடையில் வாங்கிய டிமைத்தாளும் பிறிஸ்டல் போட்டும் கொண்டு, ஒரே மாதிரியைப் பார்த்து நாற்பது பிள்ளைகள் நாற்பது வாத்துகளைச் செய்வது பயிற்சியேயன்றி ஆக்கமன்று. வீட்டில் அண்ணன் கட்டும் காவடியும் மாமன் செய்யும் முடியும் அவ்வகுப்பில் ஒரு போதும் பேசப்படாதபோது, பிள்ளை பெறும் பாடம் யாது? 'கைப்பணி' என்பது புதுத்தாளிற் செய்வது. வீட்டிற் செய்வது அப்பெயருக்கு உரியதன்று என்பதே.

இரண்டாவது சந்தை. அச்சிட்ட பதாகை, பிளாஸ்ரிக் மாலை, மின்குமிழ்ச் சரம், மடித்து விரிக்கும் ஆயத்தக் கூடு ஆகியன மலிவானவை; மழைக்கும் அஞ்சாதவை. 2017ஆம் ஆண்டு செப்ரெம்பரில், சமய, சமூக, அரசியல் நிகழ்வுகளின் அலங்காரத்துக்குப் பொலித்தீன் பயன்படுத்துவதை அரசு தடைசெய்தது. சட்டம் கடதாசிக்குச் சார்பாக நின்ற அரிய தருணம் அது. எனினும் சட்டம் பொருளை விலக்கலாமேயன்றிக் கையை மீட்டுத் தராது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது தாள் இல்லாமையால் மேல்மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. தாள் எவ்வளவு அருமையானது என்பதை அன்று நாடு முழுவதும் உணர்ந்தது. கழித்த தாளைக் கொண்டு கலை செய்த மக்களோ அதனை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அறிந்திருந்தனர்.

இக்கலையைப் போற்றுவதென்பது அதன் குறைகளை மறைப்பதன்று. சினிமாச் சுவரொட்டியையும் நாட்காட்டிப் படத்தையும் அப்படியே நகலெடுக்கும் போக்கு பல தேர்களின் முகப்பிற் காணப்படுகின்றது. மின்னொளி வந்த பின்னரும் தீப்பந்த ஒளிக்குரிய செறிவையே தொடர்வதால், சில முடிகள் இன்று கண்ணைக் கூசச் செய்வனவாக மாறியுள்ளன. ஒளி மாறியபோது உத்தியும் மாறியிருத்தல் வேண்டும். இத்தகைய குறைகளைச் சுட்டுவதற்கும் ஒரு திறனாய்வு தேவை. குறைகூறத் தகுதியுடையதென்று கூட எண்ணாமல் ஒரு கலையைக் கடந்து செல்வதே அதற்கு இழைக்கும் பெரும் அநீதியாகும்.

முடிவாக, இக்கலையின் மதிப்பீட்டுக்கு நான்கு அடிப்படைகளை முன்வைக்கலாம்: பொருளின் இயல்பை எவ்வளவு அறிந்து செய்யப்பட்டது, எவ்வொளிக்கும் தூரத்துக்கும் பொருந்த அமைந்தது, எத்தனை கைகளைத் தன்னுள் ஈர்த்துக்கொண்டது, அழிந்தபின் மீண்டும் ஆக்கும் அறிவை யாரிடம் விட்டுச் சென்றது. இவற்றுள் இறுதியானதே முதன்மையானது. கம்பளைக்கு அருகே பரதெக்கவில் 2007இல் அமைக்கப்பட்ட தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் தொழிற்கருவிகளையும் ஆவணங்களையும் பேணி நற்பணி புரிகின்றது. அதனோடு ஒருங்கே நிகழ வேண்டியது கையறிவின் பதிவு. பசையின் பக்குவம், மட்டையை மடிக்கும் வரிசை, தாளை வெட்டும் முறை ஆகியன செய்வோரின் சொல்லிலேயே, அவர் வழங்கும் கலைச்சொற்களோடு எழுதப்படல் வேண்டும். பல்கலைக்கழகங்களின் தமிழ் மாணவருட் கணிசமானோர் இத்தோட்டங்களிலிருந்தே வருகின்றனர். அடுத்த மாசியில் தம் லயத்துக்குச் செல்லும் ஒருவர், கூத்துப் பாடலை எழுதிக்கொள்ளும் கையேட்டின் மறுபக்கத்தில் முடி செய்யும் முறையையும் எழுதிக்கொள்வாராயின் இவ்வாய்வு தொடங்கிவிடும். நூறாண்டுகளுக்கு மேலாகத் தாளில் இம்மக்களைப் பற்றி மற்றவர்கள் எழுதி வந்துள்ளனர். அவர்கள் தாளால் ஆக்கியவை பற்றியும் இனியேனும் எழுதப்படுதல் வேண்டும்.